சிங்கப்பூர் எத்தனை மணி தூரம்?

மீனம்பாக்கத்தில் ராத்திரி பதினொன்றரைக்குக் கிளம்புகிற ஒரு விமானம், சிங்கப்பூர் சாங்கி ஏர்போர்ட்டில் காலை ஆறேகாலுக்குப் போய் நிற்கிறது. ஆறே முக்கால் மணி நேரம். அதே விமானம் அங்கிருந்து ராத்திரி எட்டு மணிக்குக் கிளம்பினால் சென்னையில் ஒன்பதே முக்காலுக்கு இறங்கிவிடுகிறது. ஒன்றே முக்கால் மணி நேரம்!

“போறப்போ மேடு, வர்றப்போ பள்ளமா ஸார்?” என்று கேட்டார், மாதக் கடைசியில் நான் கணக்கு எழுதப் போகும் ஒரு கம்பெனியின் டெஸ்பாட்ச் கிளார்க். மாப்பிள்ளை வாங்கி அனுப்பிய டிக்கெட் கையில் இருந்தது. கிண்டல் இல்லை, மனுஷன் நிஜமாகவே கேட்கிறார். முப்பது வருஷமாகத் தபால் தலை கணக்கில் பத்து பைசா தப்பு விடாதவர். டிக்கெட்டில் ஐந்து மணி நேரம் உதைப்பதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருப்பாரா?

இதற்கு ஒரு பி.காம். வைத்தியம் இருக்கிறது. போகிற நேரத்தையும் வருகிற நேரத்தையும் கூட்டுங்கள். எட்டரை. இரண்டால் வகுங்கள். நாலேகால். அதுதான் பயண நேரம். டிக்கெட்டில் ஏறுகிற நேரம் ஏறுகிற ஊர்க் கடிகாரப்படி, இறங்குகிற நேரம் இறங்குகிற ஊர்க் கடிகாரப்படி போட்டிருக்கும். சிங்கப்பூர் கடிகாரம் நம்முடையதை விட இரண்டரை மணி நேரம் முந்தி ஓடுகிறது. போகும்போது அதைக் கூட்டிக் காட்டுகிறார்கள், வரும்போது கழித்துக் காட்டுகிறார்கள். டெபிட்டும் கிரெடிட்டும் டேலி ஆகிவிட்டது.

அந்த இரண்டரை மணி நேரம் மட்டும் நியாயமா என்று கேட்டால்... இல்லை. அங்கே ஒரு பெரிய சமாசாரம் ஒளிந்திருக்கிறது.

பூமி 360 டிகிரியை 24 மணி நேரத்தில் சுற்றுகிறது. ஒரு டிகிரிக்கு 4 நிமிஷம். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே தீர்க்க ரேகைக் கணக்கில் இருபத்து மூன்றரை டிகிரி. பெருக்கினால் 94 நிமிஷம். அதாவது சிங்கப்பூர் உச்சி வெயிலுக்கும் சென்னை உச்சி வெயிலுக்கும் ஒரு மணி 34 நிமிஷம்தான் வித்தியாசம். கடிகாரமோ 150 நிமிஷம் என்கிறது. பாக்கி 56 நிமிஷத்தை யார் அமுக்கினார்கள்?

ஒரு காலத்தில் சென்னைக்கென்றே தனி நேரம் உண்டு. மதராஸ் வானியல் ஆய்வுக்கூடத்தின் ரேகையை வைத்துக் கணக்கிட்டது. கிரீன்விச்சை விட 5 மணி 21 நிமிஷம் முன்னால். ரயில்வேக்காரர்கள் அதைத்தான் நாடு முழுக்கப் பயன்படுத்தினார்கள். பிறகு எல்லோருக்கும் பொதுவாக ஐந்தரை என்று ஆனபோது நாம் சுமார் 9 நிமிஷம் முன்னால் தள்ளப்பட்டோம். சிங்கப்பூர்க்காரர்கள் நம்மைத் தூக்கிச் சாப்பிட்டுவிட்டார்கள். சூரியக் கணக்குப்படி அவர்களுக்கு 6 மணி 55 நிமிஷம்தான் வர வேண்டும். 1933-ல் அதை 7 மணி 20 நிமிஷம் ஆக்கினார்கள், சாயங்கால வெளிச்சம் கூடுதலாகக் கிடைக்கட்டும் என்று. 1941-ல் ஏழரை. 1942-ல் ஜப்பான்காரன் வந்து ஊரைப் பிடித்தான். பிடித்த கையோடு கடிகாரத்தையும் பிடித்து டோக்கியோ நேரத்துக்கு, ஒன்பதுக்குத் திருப்பினான். அவன் தோற்றுப் போன 1945-ல் மறுபடி ஏழரை. 1982 புத்தாண்டில், மலேசியா தன் நேரத்தை எட்டாக மாற்றியபோது சிங்கப்பூரும் கூடவே மாற்றிக்கொண்டது. பக்கத்து வீட்டுக்காரனோடு அரை மணி நேரத் தகராறு வைத்துக்கொண்டு வியாபாரம் பண்ண முடியுமா?

ஆக, 1981 வரை நமக்கும் அவர்களுக்கும் இரண்டே மணி நேரம்தான் வித்தியாசம். ஒரே ராத்திரியில் சிங்கப்பூர் அரை மணி தள்ளிப் போய்விட்டது. இன்றைக்கும் அங்கே வருஷம் முழுக்கக் காலை ஏழு மணி வாக்கில்தான் சூரியன் தலை காட்டுகிறது. பூமத்திய ரேகையை ஒட்டிய ஊரில் ஆறு மணிக்கு உதிக்க வேண்டியவர்! ஆபீஸ் போகிறவர்கள் இருட்டில் பல் தேய்க்கிறார்கள். யாரும் கோபித்துக்கொண்ட மாதிரி தெரியவில்லை.

சரி, தூரத்துக்கு வருவோம்.

உலக உருண்டை ஒன்று கிடைத்தால் சென்னையில் ஒரு குண்டூசி, சிங்கப்பூரில் ஒரு குண்டூசி குத்தி நடுவில் நூலை இறுக்கிக் கட்டுங்கள். அந்த நூலின் நீளம் சுமார் 2,925 கிலோ மீட்டர். கடல் மைல் என்றால் 1,580 சொச்சம். நூல் வங்காள விரிகுடாவைக் குறுக்கே தாண்டி, நிக்கோபார் தீவுகளின் தென்முனைப் பக்கம் போய், சுமத்ராவின் வடகோடியைத் தொட்டு, மலாக்கா நீரிணை மேலாகவே சிங்கப்பூரில் இறங்குகிறது. நிக்கோபாரை விட்டால் சுமத்ரா வரைக்கும் நடுவில் மண் என்று சொல்லிக்கொள்ள எதுவும் கிடையாது. ராஜேந்திர சோழன் 1025 வாக்கில் கடாரத்துக்குக் கப்பல் படை அனுப்பியபோது பிடித்த இடங்களின் பட்டியலில் நக்கவாரம் என்று மெய்க்கீர்த்தி சொல்வது இந்த நிக்கோபாரைத்தான். ஆயிரம் வருஷமாகியும் ரூட் பெரிதாக மாறவில்லை.

நிஜ விமானம் நூல் பிடித்த மாதிரி போவதில்லை. வானத்திலும் ரோடு போட்டு வைத்திருக்கிறார்கள். வழியில் ஸ்டாப்பிங் மாதிரி புள்ளிகள், ஒவ்வொன்றுக்கும் அர்த்தமே இல்லாத ஐந்தெழுத்துப் பெயர். ரேடியோவில் கரகரவென்று கேட்டாலும் ஒன்றோடொன்று குழம்பக் கூடாது, அவ்வளவுதான் நோக்கம். ஒரு புள்ளியிலிருந்து இன்னொரு புள்ளிக்கு என்று போவதால் தூரம் கொஞ்சம் கூடும். ஆட்டோக்காரர் சுற்றிக்கொண்டு போகிற அளவுக்கு இல்லை.

இப்போது வேகம். ஜெட் விமானம் மேலே போய்ச் சீராகப் பறக்கிறபோது மணிக்கு 850 கி.மீ. என்று வைத்துக்கொள்ளலாம். 2,925-ஐ வகுத்தால் மூன்று மணி 26 நிமிஷம் வருகிறது. டிக்கெட்டில் நாலேகால் என்கிறான். 49 நிமிஷம் எங்கே?

ஓவர்ஹெட்ஸ்!

விமானக் கம்பெனி சொல்லும் நேரம் பறக்கிற நேரம் இல்லை. விமானம் நிற்கும்போது சக்கரத்துக்கு அண்டை கொடுத்து ஒரு கட்டை வைப்பார்கள் அல்லவா, அதை எடுப்பதிலிருந்து மறுபடி அந்த ஊரில் கட்டையை வைக்கிற வரைக்கும் உள்ள மொத்த நேரம். அதற்கு ‘பிளாக் டைம்’ என்று பெயர். அதில் ரன்வே வரைக்கும் ஊர்ந்து போவது, முன்னால் நாலு விமானம் க்யூவில் நின்றால் காத்திருப்பது, 35,000 அடி ஏறுவதற்கு இருபது இருபத்தைந்து நிமிஷம், இறங்கும் ஊருக்கு 200 கி.மீ. இருக்கும்போதே வேகத்தைக் குறைத்து இறங்க ஆரம்பிப்பது, அங்கே இடம் கிடைக்காவிட்டால் வானத்தில் ஒரு சுற்று சுற்றுவது எல்லாம் அடக்கம். ஏறுகிற நேரமும் இறங்குகிற நேரமும் சிங்கப்பூர் போனாலும் ஒன்றுதான், மதுரை போனாலும் ஒன்றுதான். அதனால்தான் மதுரைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போட்டு, ஜூஸ் கொடுப்பதற்குள் பெல்ட்டைக் கட்டச் சொல்கிறார்கள்.

இதில் ஒரு சின்ன வியாபார தந்திரமும் உண்டு. சொன்ன நேரத்துக்குப் பதினைந்து நிமிஷத்துக்குள் போய் நின்றுவிட்டால் அந்தத் தொழிலில் அது ‘ஆன் டைம்’. ஆகவே நாலு மணி நேரத்தில் முடிகிற பயணத்துக்கு நாலேகால், நாலரை என்று தாராளமாகப் போட்டு வைக்கிறார்கள். தாமதமாகக் கிளம்பியும் “குறித்த நேரத்துக்கு முன்பாகவே வந்து சேர்ந்துவிட்டோம்” என்று மைக்கில் அறிவிப்பு வருகிறதே, அந்தப் பெருமையில் பாதி, டைம் டேபிள் எழுதியவருடையது. மாசக் கடைசியில் ஐயாயிரம் செலவாகும் என்று வீட்டில் சொல்லிவிட்டு நாலாயிரத்தில் முடித்து நல்ல பெயர் வாங்குவதில்லையா, அது போல.

என்னைப் போன்ற காமர்ஸ் ஆசாமிகளுக்குக் குளிர்ச்சியான விஷயம் ஒன்று காக்பிட்டுக்குள் இருக்கிறது. ‘காஸ்ட் இண்டெக்ஸ்’ என்று ஒரு எண். கிளம்புவதற்கு முன் பைலட் அதைக் கம்ப்யூட்டரில் தட்டுகிறார். விமானம் ஒரு நிமிஷம் கூடுதலாகப் பறந்தால் ஆகும் சம்பளம், மெயின்டனன்ஸ் போன்ற செலவு ஒரு பக்கம். பெட்ரோல் செலவு இன்னொரு பக்கம். முதலாவதை இரண்டாவதால் வகுத்து வருகிற விகிதம் அது. எண் பெரிதாக இருந்தால் பெட்ரோல் போனால் போகட்டும் என்று விமானம் வேகமாகப் போகும். எண் சின்னதாக இருந்தால் அடக்க ஒடுக்கமாகப் போகும். பெட்ரோல் விலை ஏறினால் கம்பெனிகள் எண்ணைக் குறைக்கச் சொல்கின்றன. ஆக, நீங்கள் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருக்கும்போது உங்கள் வேகத்தைத் தீர்மானிப்பது என்ஜின் மட்டும் இல்லை. எங்கேயோ ஏஸி ரூமில் உட்கார்ந்திருக்கும் ஒரு அக்கவுன்டன்ட்டும்தான். என் ஜாதிக்காரன். நினைத்தால் மார்பு விம்முகிறது.

இன்னொரு உண்மை கொஞ்சம் கசக்கும். ஏர் இந்தியா 1960-ல் போயிங் 707 ஜெட் விமானம் வாங்கியது. அதன் வேகமும் மணிக்கு 900 கி.மீ. பக்கம்தான். அறுபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. டெலிபோன் ட்ரங்க் காலிலிருந்து வீடியோ காலுக்கு வந்துவிட்டது. டைப்ரைட்டர் பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டது. விமானத்தின் வேகம் மட்டும் அப்படியே நிற்கிறது, சொல்லப் போனால் ஒரு இழை குறைந்திருக்கிறது. காரணம் இயற்கை. ஒலியின் வேகத்தை நெருங்க நெருங்கக் காற்று எதிர்த்து நிற்கும் எதிர்ப்பு தடாலென்று ஏறுகிறது. அதைத் தள்ளிக்கொண்டு போகப் பெட்ரோலைக் கொட்ட வேண்டும்.

கொட்டியும் பார்த்தார்கள். ஒலியைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் பறந்த கான்கார்ட் சிங்கப்பூருக்கே வந்திருக்கிறது. 1977 டிசம்பரில் பிரிட்டிஷ் ஏர்வேஸும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் கூட்டுச் சேர்ந்து லண்டன் – பஹ்ரைன் – சிங்கப்பூர் என்று ஓட்டினார்கள். விமானத்தின் ஒரு பக்கம் ஒரு கம்பெனியின் பெயின்ட், மறு பக்கம் இன்னொரு கம்பெனியின் பெயின்ட். சத்தம் தாங்கவில்லை என்று மலேசியா தன் தலைக்கு மேல் பறக்கக் கூடாதென்றது. மூன்றே ட்ரிப்போடு நின்றது. 1979-ல் மறுபடி ஆரம்பித்து, கட்டுப்படியாகாமல் 1980-ல் கடையைக் கட்டினார்கள். அது மட்டும் சென்னைக்கு ஓடியிருந்தால், இரண்டு மணி நேரத்துக்குள் சிங்கப்பூர்! டிக்கெட் விலையைக் கேட்டால் நமக்கு அதற்குப் பாதி நேரத்திலேயே மயக்கம் தெளிந்திருக்காது.

காற்றுக்கு வருகிறேன். “கிழக்கே போனா சீக்கிரம், மேற்கே வந்தா லேட்டு” என்று விமானத்தில் நாலு தடவை போய் வந்தவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். டெல்லி – டோக்கியோ போன்ற வடக்கத்தி ரூட்டுக்கு அது சரி. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஒரு ஆறு மாதிரி காற்று ஓடுகிறது. போகும்போது அது கொடுக்கிற லாபத்தைத் திரும்பும்போது வட்டியோடு பிடுங்கிக்கொள்ளும். வட்டி என்று சும்மா சொல்லவில்லை. எதிர்க்காற்றில் விமானம் மெதுவாகப் போவதால் அந்தக் காற்றுக்குள் அதிக நேரம் மாட்டிக்கொள்கிறது. ஆகவே நஷ்டம் எப்போதும் லாபத்தை விட அதிகம்.

நம்ம ஊர் ரூட்டில் ஜூன் முதல் செப்டம்பர் வரை கதையே தலைகீழ். தென்மேற்குப் பருவ மழைக் காலத்தில் கீழே காற்று மேற்கிலிருந்து வீசும்போது, மேலே, விமானம் பறக்கிற உயரத்துக்கும் கொஞ்சம் மேலே, கிழக்கிலிருந்து மேற்காக மணிக்கு நூறு கிலோ மீட்டரைத் தாண்டி ஒரு காற்று பாய்கிறது. தென்னிந்தியாவின் தலைக்கு மேலேயே அதன் ஓட்டம். இதை உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர் நம் நாட்டு வானிலை விஞ்ஞானி பி. கோடீஸ்வரம், 1958-ல் கட்டுரை எழுதினார். பிற்பாடு இந்திய வானிலைத் துறைக்கே தலைவரானவர். அந்தக் காற்றின் ஓரம் விமானத்திலும் படும். எதிரே 50 கி.மீ. வேகத்தில் அடித்தாலே சிங்கப்பூர் போக 13 நிமிஷம் கூடுதல். அந்த மாதங்களில் சிங்கப்பூரிலிருந்து வீடு திரும்புகிறவனைத்தான் காற்று முதுகில் கை வைத்துத் தள்ளிக்கொண்டு வருகிறது. எந்த மகராசன் ஏற்பாடோ!

விமானத்துக்கு முந்திய கணக்கும் நம் ஊரில் பலருக்கு வீட்டுக் கணக்குதான். 1926-ல் கட்டிய ‘ரஜூலா’ என்ற கப்பல் சென்னையில் கிளம்பி, நாகப்பட்டினத்தில் ஆள் ஏற்றிக்கொண்டு, பினாங்கு, போர்ட் ஸ்வெட்டன்ஹாம் தொட்டு சிங்கப்பூர் போய்ச் சேர ஏறக்குறைய ஒரு வாரம். மேல்தட்டில் பாயை விரித்துப் போட்டுக்கொண்டு, வாந்தி எடுத்துக்கொண்டு, ஊறுகாய் பாட்டிலை அணைத்துக்கொண்டு போன தலைமுறை அது. எழுபதுகளின் தொடக்கம் வரை ஓடியது. அதற்கப்புறம் ‘எம்.வி. சிதம்பரம்’. எண்பதுகளில் நடுக்கடலில் அதில் தீப்பிடித்துப் பலர் செத்துப் போனார்கள். அதோடு அந்தக் கப்பல் பாதை முடிந்தது. ஒரு வாரமாக இருந்த சிங்கப்பூர் நாலேகால் மணி நேரமாகச் சுருங்கிவிட்டது.

இந்தக் கடலின் அகலத்தை நமக்கு மறக்க முடியாமல் அளந்து காட்டிய ஒரு நாள் உண்டு. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறரை மணி வாக்கில் சுமத்ரா பக்கம் கடலுக்கடியில் பூகம்பம். சென்னையிலிருந்து சுமார் 2,000 கி.மீ. ஆழ்கடலில் சுனாமி கிட்டத்தட்ட ஜெட் விமான வேகத்தில் வரும். இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆனபோது மெரினாவுக்கு வந்துவிட்டது. அந்த இரண்டு மணி நேரமும் கையில் இருந்தது. சொல்வதற்கு ஆளில்லை, ஏற்பாடில்லை. 2007-ல் ஹைதராபாத்தில் எச்சரிக்கை மையம் அமைத்தார்கள். சிங்கப்பூர் விமானம் பறக்கும் அதே கோட்டில், கிட்டத்தட்ட அதே வேகத்தில், எதிர்த் திசையில் வந்த தண்ணீர் அது.

இனி நாலேகால் மணி நேரம் என்ற கணக்கை ஒரு ஆள் மேல் வைத்துப் பார்க்கலாம்.

என்னோடு ஹைஸ்கூலில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். மன்னார்குடிப் பக்கம் கிராமம். சிங்கப்பூரில் கட்டட வேலை. 2011-ல் ஒரு நாள், நம் நேரம் அதிகாலை மூன்று மணிக்கு, அவன் அப்பா இறந்து போனார். தங்கச்சி போன் செய்தபோது அவனுக்கு மணி ஐந்தரை, ஷிப்ட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறான். பாஸ்போர்ட் கம்பெனி லாக்கரில். லாக்கர் சாவி உள்ளவர் எட்டரைக்குத்தான் வருவார். வந்து, விஷயம் கேட்டு, மேலிடத்தில் ஒரு கையெழுத்து வாங்கி, பாஸ்போர்ட் கைக்கு வரும்போது பத்து. நாலரை மணி நேரம் போச்சு. நேரே தேக்கா மார்க்கெட் பக்கம் டிக்கெட் ஏஜென்ட்டிடம் ஓடினான். திருச்சி ஃப்ளைட் ஃபுல். சென்னைக்கு சாயங்காலம் ஆறேகாலுக்கு ஒரே ஒரு சீட். கூட வேலை பார்க்கிற நாலு பேர் பணம் போட்டார்கள். காத்திருந்தது எட்டேகால் மணி நேரம். பறந்தது நாலேகால். சென்னையில் ராத்திரி எட்டுக்கு இறங்கி, இமிக்ரேஷன் தாண்டி, கார் பிடித்து ஊர் போய்ச் சேரும்போது விடியற்காலை நாலு மணி. அது ஒரு எட்டு மணி நேரம்.

நாலரை, எட்டேகால், நாலேகால், எட்டு. கூட்டினால் 25 மணி நேரம். அதில் வானத்தில் போனது ஆறில் ஒரு பங்கு.

ஊரில் என்ன நடந்தது என்கிறீர்கள்? “பொழுது சாயறதுக்குள்ள எடுத்துரணும்” என்றார்கள் பெரியவர்கள். “மூத்த மகன் வராம எடுக்கக் கூடாது” என்று அவன் அம்மா வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். “பிளேன்ல நாலு மணி நேரம்தானே, காலைல சொன்னதுக்கு மத்தியானம் வந்திருக்க வேணாமா?” என்று ஒரு பங்காளி கேட்டாராம். அவர் கேட்டது தப்பில்லை. எல்லோரும் அப்படித்தானே சொல்லிக்கொள்கிறோம், சிங்கப்பூர் நாலு மணி நேரம் என்று? கடைசியில் மச்சான்தான் மன்னார்குடியில் ஃப்ரீஸர் பெட்டி வாடகைக்கு எடுத்து வந்து வாயை அடைத்தார். இவன் வந்து சேர்ந்து, விடிந்து, கொள்ளி வைத்தான்.

கம்பெனி கொடுத்தது ஐந்து நாள் லீவு. பதினாறாம் நாள் காரியத்துக்கு அவன் இல்லை. தம்பிதான் செய்தான். இவன் அன்றைக்கு எட்டாவது மாடியில் சாரத்தில் நின்றுகொண்டு, மதிய இடைவேளையில் போன் போட்டு, ஐயர் சொல்வதைக் காதில் வைத்துக் கேட்டிருக்கிறான். அவன் தாத்தா அந்தக் காலத்தில் பினாங்கில் இருந்தபோது அவருடைய அம்மா தவறிப்போன சேதி கடிதத்தில்தான் வந்ததாம், கருமாதி எல்லாம் முடிந்த பிறகு. “அதுக்கு இது எவ்வளவோ தேவலைடா” என்றான் என்னிடம். தேவலைதான். அவர்கள் வீட்டு ஹாலில் இரண்டு சுவர்க் கடிகாரம் மாட்டியிருக்கிறது. ஒன்று இரண்டரை மணி நேரம் வேகமாக ஓடும். யாரும் திருத்தக் கூடாது என்பது அம்மாவின் உத்தரவு.

திருச்சி ஃப்ளைட் ஏன் எப்போதும் ஃபுல் என்பது இப்போது விளங்கும். நூல் கட்டிப் பார்த்தால் திருச்சியிலிருந்து சிங்கப்பூர் சுமார் 2,980 கி.மீ. சென்னையை விடச் சுமார் 55 கி.மீ. அதிகம். ஆனால் திருச்சியிலிருந்து மன்னார்குடி இரண்டு, இரண்டரை மணி நேரம். சென்னையிலிருந்து வருவதோடு ஒப்பிட்டால் ஐந்து மணி நேரம் மிச்சம். தஞ்சாவூர், புதுக்கோட்டை, பட்டுக்கோட்டை, காரைக்குடி ஆசாமிக்கு வானத்தில் 55 கி.மீ. என்பது நாலு நிமிஷம். தரையில் 300 கி.மீ. என்பது ஒரு ராத்திரி. உள்நாட்டுப் பயணிகளை விட வெளிநாட்டுப் பயணிகள் அதிகம் வந்து போகிற அபூர்வ ஏர்போர்ட் திருச்சி. 2024-ல் பெரிய புது டெர்மினல் கூடத் திறந்தாகிவிட்டது. அங்கே வருகிறவர்களை வாசலில் நின்று பாருங்கள். தோளில் பை, கையில் சுற்றிக் கட்டிய டி.வி. அட்டைப்பெட்டி, வெளியே வேனில் பன்னிரண்டு பேர் கொண்ட வரவேற்புக் குழு. டூரிஸ்ட் முகம் அபூர்வம்.

சும்மா சுற்றிப் பார்க்கப் போகிறவர்களுக்கும் வீட்டு வாசல் முதல் ஓட்டல் வாசல் வரை கணக்குப் போட்டால் நாலேகால் என்பது பதினொன்று ஆகிவிடும். மூன்று மணி நேரம் முன்னால் ஏர்போர்ட், அதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் தாம்பரத்திலிருந்தோ அம்பத்தூரிலிருந்தோ கிளம்பல், அங்கே இறங்கி இமிக்ரேஷன், பெட்டிக்குக் காத்திருத்தல், டாக்ஸி. இதில் விமானத்தை இரண்டு மடங்கு வேகமாக ஓட்டினாலும் மிச்சமாவது ஒன்றே முக்கால் மணி நேரம்தான். க்யூவைக் குறைத்தாலே அது கிடைக்கும். பல ஏர்போர்ட்டுகளில் முகத்தைக் காட்டினால் கதவு திறக்கிற மெஷின் வைப்பதெல்லாம் அதற்காகத்தான்.

கடைசியாக ஒரு உபயோகமான சங்கதி. ராத்திரி ஃப்ளைட்டில் நேரத்தை விடத் தேதிதான் ஆளைக் கவிழ்க்கும். 14-ம் தேதி 23.30 என்று போட்டிருந்தால் இறங்குவது 15-ம் தேதி காலை. அங்கே அழைக்க வருகிறவரிடம் 15 என்று சொல்ல வேண்டும். இதுவாவது பரவாயில்லை, அவர் ஒரு நாள் முந்தி வந்து திட்டிவிட்டுப் போவார். 15-ம் தேதி 00.30 என்று போட்டிருந்தால்தான் ஆபத்து. எங்கள் தெருவில் ஒரு குடும்பம் 15-ம் தேதி பகல் முழுக்கப் பெட்டி கட்டி, அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டு, ராத்திரி ஒன்பதரைக்கு ஏர்போர்ட்டில் போய் இறங்கியது. அவர்கள் ஏற வேண்டிய விமானம் சிங்கப்பூர் போய், திரும்பி வந்து, வேறு எங்கோ கிளம்பிப் போயிருந்தது. 00.30 என்றால் முதல் நாள் ராத்திரிச் சாப்பாட்டைச் சீக்கிரம் முடித்துவிட்டு எட்டு மணிக்கே ஆட்டோவைக் கூப்பிட்டுவிட வேண்டும்.